நூற்றுத் தொண்ணூற்று மூன்று செடிகள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

ஆண்டவன் புண்ணியத்தில் நான் நலம். உன் இருமல் நின்றதா? கொதிக்கிற தண்ணீரில் குடுவைகளைக் கழுவிவிட்டு, அந்த ஈரக் கையோடு குளிரூட்டிய அறைக்குள் போகாதே என்று போன வருடமே சொன்னேன். நீ எங்கே கேட்கப் போகிறாய்.

இந்த வருடமும் தக்காளி போய்விட்டது. நோட்டில் நாள் வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். நட்டது இருநூற்று நாற்பது. ஏப்ரல் 9 அன்று முதல் செடி தலை தொங்கியது. காலையில் நன்றாக இருக்கும், பதினோரு மணிக்கு வாடும், மாலையில் ஒன்றும் நடக்காதது போல நிமிரும், மறுநாள் எழாது. மே 20 அன்று கடைசிச் செடியும் விழுந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறி, அதன் தோல் வழுவழுவென்று கையோடு வந்தது.

இரண்டு வருடம் முன்பு, பூச்சிமருந்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு அத்தான் மண்ணுக்கு ஒரு மருந்து ஊற்றினார். "ஒரு புழு, ஒரு பூஞ்சை மிஞ்சாதுண்ணே. சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி ஆயிடும் மண்ணு" என்றார் கடைக்காரர். அந்த வருடம் ஒரு செடிகூட விழவில்லை. அடுத்த வருடம் பாதி. இப்போது எல்லாமே.

"இந்த மண்ணு செத்துப் போச்சு" என்று அத்தான் சொல்லிவிட்டார். அது உண்மையாகிவிட்டால் இந்த வீட்டுக்கும் எனக்கும் பிறகு ஒன்றும் இல்லை. ஆகவே அதைப் பொய்யாக்க ஒரு வழி சொல். உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பூஞ்சை வளர்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சோற்றில் பூஞ்சை பிடித்தால் பாத்திரத்தோடு வெளியே வைக்கிறவள் நான். அதைச் சம்பளம் கொடுத்து வளர்க்கிறார்களா?

அத்தானும் நலம். வெளியே போயிருக்கிறார்.

உனக்காகத் தினமும் பிரார்த்திக்கும்
அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்துப் பல நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இருமல் குறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உயரத்தில் இருக்கிற டப்பாவை எடுக்க நாற்காலி மேல் ஏறாதே.

உன் மண் சாகவில்லை. எங்கள் நிலையத்து விஞ்ஞானி அம்மாவிடம் விவரம் சொன்னேன். நாற்பது பேர் குடியிருக்கிற தெரு என்று வைத்துக்கொள் என்றார். இரண்டு பேர் போக்கிரிகள். மற்றவர்கள் நடமாடிக்கொண்டு இருப்பதால் அவர்கள் வாலாட்டுவதில்லை. நீங்கள் மருந்து ஊற்றி அத்தனை பேரையும் காலி செய்துவிட்டீர்கள். காலித் தெருவுக்கு முதலில் திரும்பி வருகிறவன் யார்? போக்கிரிதான். உங்கள் வேரைத் தின்றது அவன்.

அதனால் நல்ல குடித்தனக்காரர்களைக் கொண்டுபோய் விடவேண்டும். டிரைக்கோடெர்மா என்று ஒரு பூஞ்சை. அது வேரின் மேலேயே குடியேறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கெட்ட பூஞ்சையின் இழை வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு கரைத்துத் தின்னும். செடிக்கும் ஒரு எச்சரிக்கை கொடுத்து அதன் எதிர்ப்பைத் தட்டி எழுப்பிவிடும். விழுந்த செடியை இது எழுப்பாது. விழாமல் இருக்கத்தான் உதவும்.

சின்னப் பொட்டலம் ஒன்று உன் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். தானியத்தை அரைப் பதமாக வேகவைத்து, ஆறவிட்டு, இந்தத் தூளைக் கலந்து, துணியால் மூடிப் பத்து நாள் நிழலில் வை. அதற்குள் பெருகிவிடும். வாய்க்கால் ஓரத்து மூலையில் தண்ணீர் தேங்கும். அங்கே மேட்டுப் பாத்தி போட்டு நடு.

உன் தம்பி
(நீ கூப்பிடுகிற பல்லி)


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமே கேட்கிறேன். நாற்காலி மேல் ஏறவில்லை, முக்காலி மேல்தான் ஏறினேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். பானையைத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, குளித்துவிட்டு வந்துதான் தானியத்தைத் தொட்டேன். எத்தனை சுத்தமாக முடியுமோ அத்தனை சுத்தம். ஐந்தாம் நாள் வெள்ளையாகப் பஞ்சு போல வந்தது. சரி என்று இருந்தேன். பத்தாம் நாள் திறந்தால் பானை முழுக்கப் பச்சை. மேலே இருந்து அடி வரை, பாசி பிடித்த குளம் மாதிரி. ஏதோ தேங்காய் வாசனை வேறு. கெட்டுப்போய்விட்டது என்று அள்ளிக் கழிவுநீர்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பானையை மூன்று தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி வேலி மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா, தனியா ஒரு பானை சோறு வடிச்சுத் தனியா கொட்டுறீங்க" என்றாள். சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. அந்தப் பச்சைதானா நீ சொன்னது? கொட்டுவதற்கு முன்னால் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வீட்டில் ஆள் இல்லை.

எழுத ஆரம்பித்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். அத்தான் வீட்டில் இல்லை. மே 23 காலையில் போனவர். ஒரு பை, ஒரு தூக்குச்சட்டி. "எங்கே" என்றேன். "அந்த மண்ணுல செடி நிமிர்ந்து நிக்கட்டும், அப்புறம் வரேன்" என்றார். வயலுக்குப் போகிறார் என்று நினைத்தேன். போன இடம் தெரியாது. ஒரு வரி வரவில்லை.

கேட்கிறவர்களிடம் வெளியூரில் வேலை என்கிறேன். இதுவரை பதினான்கு பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். இரவு பிரார்த்தனையில் அந்த எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லித்தான் படுக்கிறேன். உன்னிடம் சொன்ன பொய்யோடு பதினைந்து. நீ அவரைத் தேடி அலையாதே. பொட்டலம் மட்டும் இன்னொன்று அனுப்பு. எனக்கு அந்தச் செடிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

பச்சைதான் அது. நீ கொட்டியது தரமான சரக்கு. தேங்காய் வாசனை வந்தது என்றால் எங்கள் ஆய்வுக்கூடத்தில்கூட அத்தனை நன்றாக வருவதில்லை. விஞ்ஞானி அம்மாவிடம் சொன்னேன். "உங்க அக்காவ இங்க வேலைக்கு அனுப்புங்க, ஆனா சாக்கடை பக்கம் விடாதீங்க" என்றார். தப்பு உன்னுடையது இல்லை. பச்சையாக வரும் என்று எழுதாத என்னுடையது. பதினோரு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். ஒரு வீட்டில் பச்சை என்றால் கெட்டது என்று அர்த்தம், எனக்கு அது மறந்தே போய்விட்டது.

இந்தத் தடவை வளர்த்ததையே அனுப்புகிறேன், பெரிய பையாக. நன்றாக மக்கிய தொழு உரத்தோடு கலந்து, கொட்டகை நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடு. பதினைந்து நாள் ஈரம் காயக்கூடாது. நடும்போது குழிக்கு இரண்டு கை. நாற்றின் வேரையும் அந்தத் தூள் கரைத்த தண்ணீரில் நனைத்து நடு. மேலே எங்கும் பச்சை பூத்தால் சந்தோஷப்படு.

கொட்டகை மேல்தட்டில் இருக்கிற நீலக் கேனை முதலில் அப்புறப்படுத்து. அந்த மருந்தில் ஒரு சொட்டு பட்டாலும் இவை செத்துவிடும். நீ ஏறாதே. யாரையாவது ஏறச் சொல்.

தம்பி


செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். கேனைத் தையல்காரியின் கணவர் ஏறி எடுத்துக் கொடுத்தார். பிரார்த்தனை செய்துவிட்டு ஆகஸ்ட் 25 அன்று நட்டேன். விதை சரியாக முளைக்கவில்லை, இருநூற்றுப் பன்னிரண்டு நாற்றுதான் தேறியது. நான்கு நாள் ஆனது. ஒரு ஆள் குழி வெட்ட, ஒரு ஆள் உரம் போட, ஒரு ஆள் நட, ஒரு ஆள் தண்ணீர் ஊற்ற என்று செய்கிற வேலை. நாலு ஆளும் நானே.

உள்ளே வந்தால் ஒரு சத்தம் கிடையாது. முன்பெல்லாம் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். இப்போது எப்போது பற்றவைப்பது என்று ஒரு கணக்கும் இல்லை. வானொலியைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு சமைக்கிறேன். போன வியாழக்கிழமை ஒரு வார்த்தைகூட யாரோடும் பேசவில்லை என்பது படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிரார்த்தனையைச் சத்தமாகச் சொன்னேன், குரல் இருக்கிறதா என்று பார்க்க.

இதை எழுதக் காரணம், இன்று இரண்டு செடி வாடிவிட்டது. அதே பதினோரு மணி. நேராகப் பூச்சிமருந்துக் கடைக்குப் போய்விட்டேன். "ஒரே ஒரு மூடி ஊத்துங்கம்மா. உரமும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும். ரெண்டும் வேலை செய்யும்ல" என்றார். வாங்கிவிட்டேன். பாட்டில் மேசை மேல் இருக்கிறது. உன் பதில் வரும் வரை மூடியைத் திறக்க மாட்டேன். சீக்கிரம் எழுது.

அக்கா


செப்டம்பர் 19

அக்கா,

திறக்காதே. இதைப் படித்த கையோடு பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடு.

வாடிய செடியை வேர் மண்ணோடு தோண்டிப் பையில் போட்டு வயலுக்கு வெளியே கொண்டுபோ. அந்தக் குழியில் பச்சை உரம் இரண்டு கை போட்டு மூடு. இன்னும் சில விழும். பத்து விழலாம், இருபது விழலாம். எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று யாரும் சொல்லவில்லை. விழுவது பரவுகிறதா, அங்கேயே நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உன் நோட்டில் அதை எழுது.

நேற்று விஞ்ஞானி அம்மா நுண்ணோக்கியில் காட்டினார். கெட்ட பூஞ்சையின் இழை ஒரு கயிறு போலக் கிடந்தது. நம்முடையது அதன்மேல் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தது. சுற்றிய இடமெல்லாம் கயிறு ஓட்டை விழுந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியாமல் உன் வயலுக்கடியில் இப்போது இதுதான் நடக்கிறது. நீ தனியாக வேலை செய்யவில்லை.

கடைசி வரியை எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்தேன். அதை அடித்து அழிக்கவில்லை.

தம்பி


நவம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலம் என்று நம்புகிறேன்.

நட்டது இருநூற்றுப் பன்னிரண்டு. விழுந்தது பத்தொன்பது. அக்டோபர் 12க்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. நிற்பது நூற்றுத் தொண்ணூற்று மூன்று. நேற்று ஒன்றை வேண்டுமென்றே பக்கவாட்டில் தோண்டிப் பார்த்தேன். வேர் வெள்ளை வெளேரென்று, முடி முடியாக, மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே மூடிவிட்டேன். காய் பறிக்க ஆள் போதவில்லை என்று தையல்காரி வந்து பறிக்கிறாள். "அண்ணன் இதைப் பார்க்காமப் போயிட்டாரே" என்றாள். செத்தவரைச் சொல்வது போல.

அன்று மனது சரியில்லாமல் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக அடுக்கிப் படித்தேன். பதினோரு வருடக் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாவது வரி, "அத்தான் நலமா?" உனக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் இருந்து நாலே வரி எழுதினாயே, அதில்கூட இருக்கிறது. இந்த ஜூன் மாதத்தில் இருந்து ஒரு கடிதத்திலும் இல்லை. அவர் போய்விட்டார் என்று நான் சொல்வதற்கு முன்னால் எழுதியதிலும் இல்லை. சொன்ன பிறகு, "அத்தானைப் பற்றித் தகவல் உண்டா" என்றும் நீ கேட்கவில்லை.

வாய்க்கால் மூலையில் தண்ணீர் தேங்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. நீ இந்தப் பக்கம் வந்து ஆறு வருடம். நீலக் கேனைப் பற்றி நான் உனக்கு எழுதியதே இல்லை.

அவர் உன்னிடம் இருக்கிறாரா? ஆமாம், இல்லை. ஒரு வார்த்தை போதும்.

அக்கா


நவம்பர் 24

அக்கா,

ஆமாம்.

மே 25 சாயங்காலம் அறை வாசலில் வந்து நின்றார். கையில் தூக்குச்சட்டி. நீதான் ஏதோ செய்து கொடுத்தனுப்பியிருக்கிறாய் என்று ஆசையாகத் திறந்தேன். உள்ளே மண். "இதைச் சோதிச்சுச் சொல்லுடா மச்சான், நான் கொன்னுட்டேனான்னு" என்றார்.

விஞ்ஞானி அம்மா சோதித்துவிட்டு, "கெட்டது மட்டும்தான் இருக்கு, நல்லது ஒண்ணும் காணோம். ஆனா திரும்பக் கொண்டுவரலாம்" என்றார். அப்படியென்றால் தூளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள் என்றேன். "நான் தொட்டா அதுவும் சாகும். அவ கை நல்ல கை. அவளுக்கு அனுப்பு. நான் இங்க இருக்கேன்னு மட்டும் சொல்லாதே" என்றார். இங்கே உரக் கொட்டகையில் மூட்டை தூக்குகிறார். உனக்கு வந்த பையைத் தைத்தது அவர்தான். மூலை, கேன் எல்லாம் அவர் சொல்லித்தான் எழுதினேன். இரண்டு செடி வாடியதாக நீ எழுதிய கடிதம் வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நூத்தித் தொண்ணூத்தி மூணா" என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு பையை எடுத்து வைத்துக்கொண்டு, "சனிக்கிழமை வண்டிக்குப் போறேன்" என்கிறார். உன் பதில் வரும் வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். போகச் சொல்லவா?

தம்பி


நவம்பர் 29

என்னங்க,

உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இருபத்தாறு வருடத்தில் அதற்கு வேலை வரவில்லை. தலைப்பில் என்ன போடுவது என்று தெரியாமல் கூப்பிடுகிறபடியே எழுதிவிட்டேன்.

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

செடி நின்றுவிட்டது, கிளம்பி வருகிறீர்கள் என்று தம்பி எழுதியிருக்கிறான். கொஞ்சம் பொறுங்கள். நாற்பத்தொரு பேரிடம் உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். அதை ஆண்டவனிடம் நான் பார்த்துக்கொள்கிறேன். நாலு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தேன், அதுவும் போகட்டும். மூட்டையைத் தைக்கத் தெரிந்த கைக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் நோட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதி வைக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். இந்த இருநூற்றுப் பன்னிரண்டும் விழுந்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்களா? அதற்குப் பதில் எழுதிவிட்டு வண்டி ஏறுங்கள். எழுதாமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு
உங்கள் மனைவி


டிசம்பர் 12

ஏம்மா,

நான் நலம். பேனா பிடித்து ரொம்ப நாள் ஆகிறது, எழுத்து மோசமாக இருக்கும்.

வந்திருக்க மாட்டேன்.

இதை எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. வந்திருப்பேன் என்று ஆறு தாளில் எழுதிக் கிழித்தேன். மச்சான் தாளை ஒளித்து வைத்துவிட்டான். எல்லாம் விழுந்திருந்தால் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. இங்கேயே மூட்டை தூக்கிக்கொண்டு இருந்திருப்பேன். நீ தனியாக இருக்கிறாய் என்று தெரிந்தும் இருந்திருப்பேன். அப்படிப்பட்ட ஆள்தான்.

பதில் எழுதிவிட்டேன். வருவதா வேண்டாமா என்று நீ சொல். சொல்லும் வரை வண்டி ஏற மாட்டேன்.


ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் வந்து சேர்ந்ததாக நீ எழுதிய நாலு வரி கிடைத்தது. "மாட்டேன் என்று எழுதியதால்தான் வரச் சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். இன்னும் அதிகம் பேசவில்லை. நானும்தான். பேசாமல் இருக்கவும் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது." இதை எத்தனை தடவை படித்தேன் என்று உன்னைப் போல எண்ணி வைக்கவில்லை.

உன் முழங்கால் தேவலையா? அத்தான் நலமா?

நான் நலம்.

என்மேல் உனக்கு இன்னும் வருத்தம் இருக்கும். ஆறு மாதம் மறைத்தேன். அத்தான் சொல்லாதே என்றார் என்று எழுதினேன், அது உண்மை. ஆனால் ஜூலையில் உன் கடிதம் வந்த அன்றே, "நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன்" என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஒப்புக்கொண்டிருப்பார். கெஞ்சிக் கேட்டால் அவர் மறுக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

இந்த அறைக்கு வந்து பதினோரு வருடம். சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். அவர் வந்த பிறகு டம்ளர் வேறு இடத்தில் இருந்தது. "ஏன்டா மச்சான், உப்பா இது, மணலா" என்று குழம்பைத் திட்ட ஒரு ஆள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டிக்கொண்டே உன்னைப் பற்றிப் பேசுவார். நீ அங்கே வானொலியோடு பேசிக்கொண்டிருப்பதாக எழுதிய கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்தேன். அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். படித்திருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பார்.

மாட்டேன் என்று அவர் எழுதியது, அந்தப் பத்தி தெரியாமல் எழுதியது. இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

இங்கே குளிர் அதிகம். அவருக்குக் கொடுத்திருந்த கட்டிலை நிர்வாகத்தார் வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

தம்பி